முட்டாள் கீறல்

வெர்லின் அன்று காலையில் சவரம் செய்துகொண்டதோடு நிற்காமல் தன் துப்பாக்கிப் பட்டறையின் தரையையும் பெருக்கினான். தபால் கொண்டுவரும் டெல்மர் வாசலில் நின்று இரண்டையும் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆளா அவன்?

"என்னண்ணே, புது மாப்பிள்ளைக் களை தெரியுது? ஓப்பலம்மா வர்ற நாளா?"

"அவங்க துப்பாக்கி ரெடி. எடுத்துட்டுப் போக வர்றாங்க. நீ உன் வேலையப் பாரு."

"ஒரு துப்பாக்கிய இத்தனை நாளாத் தட்டிக்கிட்டிருக்கீங்களே, இதுக்குள்ள பீரங்கியே பண்ணியிருக்கலாமே!"

கதவைச் சாத்தினாலும் டெல்மரின் சிரிப்பு வண்டிவரை கேட்டது. அறுபத்தாறு வயதில் முகம் சிவப்பது ஒரு சங்கடம். அதை யாரும் பார்க்காதது இன்னொரு சங்கடம் என்று வெர்லினுக்குத் தோன்றியது.

ஓப்பல் ஓடைக்கு அக்கரையில், மலைச்சரிவில் தனியாக இருக்கிறாள். கணவன் ராய்ஸ் இறந்துபோய்ச் சில குளிர்காலங்கள் ஆகிவிட்டன. இந்த வசந்தத்தில் ஒரு விடிகாலை பூமா என்கிற மலைச்சிங்கம் அவளுடைய ஆட்டுப்பட்டிக்குள் இறங்கியது. ராய்ஸின் பழைய பிஸ்டலை எடுத்துக்கொண்டு ஓடினாள். முதல் தோட்டா வானத்துக்குப் போனது. இரண்டாவது தோட்டா குழாய்க்குள் ஏறாமல் குறுக்கே சிக்கிக்கொண்டது. கையில் ஒரு இரும்புக்கட்டியோடு அவள் நிற்க, சிங்கம் ஒரு ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு அவசரமே இல்லாமல் நடந்து போயிற்று.

"உள்ள நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. இனிமே சிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனா வெளிய அவர் வச்சிருந்தது வச்சிருந்தபடியே இருக்கணும். புதுசாக்கித் தந்துடாதீங்க வெர்லின்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அந்தக் காலத்து ராணுவ ரகம் அது. உருண்டை மூக்குத் தோட்டாவுக்காகச் செய்தது. இன்று கடையில் கிடைக்கிற தட்டை மூக்குத் தோட்டா அதன் தொண்டையில் இறங்காமல் அடம்பிடிக்கும். வெர்லின் தோட்டா ஏறுகிற சரிவை வழவழப்பாக்கினான். நைந்துபோன ஸ்பிரிங்குகளை மாற்றினான். தோட்டாக்களை அடுக்குகிற, வாய் விரிந்த மேகசினுக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு, வெளியே தெரிகிற அடிப்பக்கத்தை மட்டும் பழையதைப் போல மங்கச் செய்தான். உறையில் உரசி உரசி நிறம் வெளுத்த இடங்களையும், ராய்ஸின் உள்ளங்கை தேய்த்த மரப்பிடியையும் துணியால்கூட அழுத்தித் துடைக்கவில்லை.

வியாழக்கிழமைதோறும் ஓப்பல் வந்து, பட்டறைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் சுட்டுப் பார்ப்பாள். அவன் கையில் ஒழுங்காக ஓடுகிற பிஸ்டல் அவள் கையில் சிக்கும். பிடிக்கிறவரின் மணிக்கட்டு தளர்ந்தால் இந்த ரகம் கோபித்துக்கொள்ளும். அவளுக்கோ மூட்டுவலி. மறுபடி ஸ்பிரிங்கை மாற்றுவான். பிறகு இருவரும் காபி குடிப்பார்கள். அவள் கொண்டுவந்த ஹக்கிள்பெரி ஜாமை ரொட்டியில் தடவித் தருவாள். அவன் மனைவி விட்டுப்போன நாளிலிருந்து கொக்கியில் சும்மா தொங்கிய இரண்டாவது கோப்பைக்கு ஒரு வேலை வந்தது. வெர்லினுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. மற்றதெல்லாம் அதற்கான காத்திருப்பு.

ஒரு ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும், கோடை முழுக்க வருவாள் என்று ஒருநாள் மனசு சொன்னது. அப்படித் தோன்றியதற்கே வெட்கப்பட்டான். அடுத்த முறை சிங்கம் வரும்போது அவள் கையில் இருக்கப்போகிற சாமான் அது. எல்லாவற்றையும் சரியாகவே முடித்தான்.

ஆனால் கேட்காத ஒன்றையும் செய்துவிட்டான். பிஸ்டலின் இடது பக்கத்தில், ஒரு சின்ன லீவருக்குக் கீழே, வளைவாக ஒரு கீறல் இருந்தது. கழற்றிப் பூட்டும்போது அந்த லீவரைக் கோணலாகத் தள்ளுகிறவன் போடுகிற கீறல். முட்டாள் கீறல் என்றே அதற்குப் பெயர். பட்டறையிலிருந்து வெளியே போகிற துப்பாக்கியில் அது இருந்தால் கடைசியாகப் பூட்டியவன் மானம்தான் போகும். அதைவிட, அவளுக்கு ஏதாவது தரவேண்டும் போல அவனுக்கு இருந்தது. பூங்கொத்தை நீட்டுகிற துணிச்சல் இல்லாதவன் வேறு என்னத்தைத் தருவான்? இழைத்து இழைத்துக் கீறலை எடுத்தான். நிறம் ஏற்றினான். ஏற்றிய நிறத்தையும் பக்கத்து இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி பழசாக்கினான்.

ஓப்பல் வந்தாள். மேகசின் தீரும்வரை சுட்டாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. இன்னொரு மேகசினும் அப்படியே ஓடியது.

"அடேயப்பா! இதுக்கு என்ன கஷாயம் குடுத்தீங்க?" என்று சிரித்தாள்.

உள்ளே வந்து, காபி ஆறுகிற நேரத்தில் பிஸ்டலைத் துடைத்தவளின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒண்ணு இருந்துச்சே."

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தான்! "எடுத்துட்டேன். இருந்த சுவடு தெரியுதா பாருங்க. நீங்க கேக்கல, நானாத்தான் பண்ணேன்."

ஓப்பல் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியல" என்றாள். "சுத்தமாத் தெரியல."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். "கல்யாணமான புதுசுல, கண்ணக் கட்டிக்கிட்டே பூட்டிக் காட்டறேன்னு சமையல்கட்டு மேசையில உக்காந்தார். என் கழுத்துத் துணியத்தான் கட்டிக்கிட்டார். கர்ருனு ஒரு சத்தம். முகத்தப் பாக்கணுமே! அதுக்கப்புறம் எப்ப சண்டை வந்தாலும் நான் ஒண்ணும் பேச மாட்டேன். இத எடுத்து அவர் முன்னால வச்சிடுவேன். கீறலப் பாத்ததும் சிரிச்சிடுவார்."

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தான். "பூட்டினவன் பேர் கெட்டுடுமேன்னு..."

"பூட்டினவர் பேர் அதுலதான இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "அதே மாதிரி ஒண்ணு போட்டுத் தர்றேன். அதே இடத்துல, அதே வளைவா" என்று உளறினான். சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"வேணாம் வெர்லின். அது உங்க கீறலாப் போயிடும்."

காபியை முழுவதும் குடித்தாள். கோப்பையைத் தானே கழுவிக் கொக்கியில் மாட்டினாள். வழக்கமாக அங்கேயே விட்டுப்போகிற ஜாம் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டாள். "நல்லா ஓடுது. நன்றி" என்று வாசலில் சொன்னாள். அவள் வண்டி ஓடைப்பாலத்தைத் தாண்டுகிற சத்தம் நின்ற பிறகும் அவன் கதவருகிலேயே நின்றான்.

அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. வர என்ன வேலை இருக்கிறது? மத்தியானம் ஓடைக்கு அக்கரையிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. அவளுடைய பிஸ்டல்தான். அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு என்று தன்னை அறியாமல் எண்ணினான். மேகசினில் ஏழு தோட்டா. ஐந்துக்குப் பிறகு சத்தம் இல்லை.

வெர்லின் அரத்தைக் கீழே வைத்தான். சரிவில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சிக்கிவிட்டது. இத்தனை வருஷத் தொழிலில் தன் வேலை தோற்க வேண்டும் என்று இப்படி ஆசைப்பட்டதில்லை. அரப்பொடி படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய், கொக்கியிலிருந்து இரண்டாவது கோப்பையை எடுத்தான்.

அப்போது ஆறாவது வெடித்தது. ஒட்டினாற்போல் ஏழாவதும் பிசிறில்லாமல் வெடித்தது.

அவன் கோப்பையைக் கையில் பிடித்தபடி, பெருக்கி வைத்திருந்த தரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.