பெயரைச் சொல்லாதவள்

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அங்கே, வேலைக்குப் போகிறவர்கள் முன்பு கைக்குழந்தைகளை விட்டுச்சென்ற பழைய பிள்ளைக்காம்பராவில் இயங்கிய நூலகத்தைக் கிருஷ்ணகுமாரிதான் பார்த்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நேசித்துச் சேர்ந்து வாழும் கதை ஒன்று அங்கே இருந்தது. யாரோ அதன் ஒரு பக்கத்தைப் படமெடுத்து, 'நம்ம புள்ளைங்களுக்கு இவ சொல்லிக் குடுக்குறத பாருங்க' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் நூலகக் கதவில் சாணி பூசியிருந்தது. முன்பின் தெரியாத ஆண்கள் போனில் தமிழிலும் சிங்களத்திலும் அசிங்கமாகப் பேசினார்கள். அவள் கணவன் சுமனின் திரீவீலரில் யாரும் ஏறவில்லை. ஒரு காலையில் அதன் சீட் கிழிந்து கிடந்தது. கோயில் கமிட்டி அந்தப் புத்தகத்தைக் கேட்டு ஆளனுப்பியது.

"குடுத்துத் தொலையேன், குமாரி. ஒரு புத்தகந்தானே?" என்றான் அவன்.

"இன்னைக்கு இது. நாளைக்கு வேற ஒண்ணும்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்துக்கு அவளை அழைத்தார்கள். கமிட்டித் தலைவர் ஐயாவு நயமாகவே தொடங்கினார்.

"புத்தகத்தை எரிச்சிருவோம்மா. அத எடுத்துப் படிச்சது யாருன்னு மட்டும் சொல்லிரு. உன்னைய விட்டுர்றோம்."

எடுத்தவள் விஜயகலா. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவள். அதைத் திருப்பிக் கொடுத்த அன்று, "என்னையப் போல இன்னும் ஆளுங்க இருக்காங்களாக்கா?" என்று கேட்டு அழுதவள். இப்போது பெண்களுக்கு நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். "பேரச் சொல்லச் சொல்லுங்க தலைவரே!" என்று எல்லாரையும் விட உரக்கக் கத்தியவன் அவளுடைய அண்ணன் கிருஷ்ணராஜ்.

கிருஷ்ணகுமாரி, விஜயகலா இருந்த பக்கம் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டாள்.

"யாரும் எடுக்கலீங்க. நான்தான் படிச்சேன்."

"அப்ப நீதான் அந்த மாதிரியா?" என்றான் கிருஷ்ணராஜ். சிரிப்பு எழுந்தது. சுமன் எழுந்து போய்விட்டான்.

அன்றே நூலகத்திலிருந்த புத்தகங்களையெல்லாம் முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். பிள்ளைகளின் படக் கதைகளும் அதில் போயின. கிருஷ்ணகுமாரி கொடுத்த முறைப்பாட்டைப் பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். யாரும் விசாரிக்க வரவில்லை. பிள்ளைக்காம்பராவில் இப்போது உர மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள்.

கிருஷ்ணகுமாரி அவிசாவளையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். வீட்டில் சுமன் தேவைக்கு மட்டுமே பேசுகிறான். சென்ற வாரம் அவளிருந்த பஸ்ஸில் விஜயகலா ஏறினாள். கிருஷ்ணகுமாரி பக்கத்து சீட்டிலிருந்த பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். விஜயகலா ஒரு கணம் நின்றாள். பின்னால் கிருஷ்ணராஜின் நண்பன் ஏறுவதைக் கண்டதும், முன்னே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.