ஈரச் சுவரின் ஒரே இசைத்தட்டு

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாவோவின் கடைக்குள் நுழைய இரண்டு தகுதிகள் வேண்டும். ஒரு கறுப்புக் கோட்டு, எதுவும் பிடிக்காத ஒரு முகம். கோட்டு இல்லாமல்கூடச் சமாளித்துவிடலாம்.

கடையில் விற்பவை நாற்பது வருடத்துக்கு முந்தைய இசைத்தட்டுகள். அந்தக் காலத்தில் வேலை கிடைக்காத பையன்களும் பெண்களும் மலிவான சின்தசைசர் ஒன்றை வாங்கி, படுக்கையறையில் உட்கார்ந்து, சோகமாக எதையாவது முனகிப் பதிவு செய்து, சொந்தக் காசில் தட்டு அடித்து, அதில் பெரும்பகுதியைப் பரணில் போட்டுவிட்டு, பிறகு உருப்பட்டுப் போனார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, உருப்பட்டதற்காக மனதுக்குள் மன்னித்து, பழைய தட்டை மறுபடி அச்சடித்து வெளியிடுவதுதான் பாவோவின் தொழில். ஒரு தட்டின் மதிப்பு அது எத்தனை பேருக்குத் தெரியாது என்பதைப் பொறுத்தது. பத்துப் பேர் வாங்கியிருந்தால் முக்கியமான படைப்பு. யாருமே வாங்கவில்லை என்றால் மேதைமை.

பாவோவிடம் ஒரு மேதைமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், அக்கார்டியன் தட்டுகள் நிறைந்த பெட்டியின் அடியில் கிடைத்தது. வெள்ளை உறை. அதன்மேல் ரப்பர் முத்திரையில் ‘ஈரச் சுவர்’ என்ற பெயர், 1983 என்ற வருடம். வேறு ஒரு வார்த்தை இல்லை. உலகத்தில் வேறு பிரதியும் இல்லை. குறைந்தபட்சம், பாவோவைப் போன்றவர்களின் உலகத்தில் இல்லை.

பாட்டு எளிமையானது. தாள இயந்திரம் ஒன்று ஆணி அடிக்கும். கீபோர்டு ஒன்று இரண்டே சுரங்களுக்கு நடுவே நடை பழகும். பிறகு ஒரு பெண், மருத்துவமனையில் பெயர் கூப்பிடுகிற குரலில், கடலையும் காற்றையும் காலி நாற்காலிகளையும் பற்றிச் சொல்வாள். கடைசியில் “இனி இல்லை” என்பாள். உடனே மறுபடி “இனி இல்லை” என்பாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் அவள் வேறெதுவும் சொல்வதில்லை. யாராவது எழுந்துபோய் முள்ளைத் தூக்கும்வரை “இனி இல்லை, இனி இல்லை” என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

சாதாரண ஜனங்கள் இதைத் ‘தட்டு மாட்டிக்கொண்டது’ என்பார்கள். பாவோ சாதாரண ஜனம் இல்லை. அந்தக் காலத்து ஆட்களில் சிலர், ஒரே வட்டத்தில் முள் சுற்றும்படி வேண்டுமென்றே மூடிய பள்ளம் வெட்டி வைத்தது உண்மைதான். இதுவும் அப்படித்தான் என்று பாவோ முடிவு கட்டினார்; அதற்கு அப்பால் முள்ளை வைத்துப் பார்ப்பதே பாவம் என்றார். “இந்தப் பாட்டு சாகாது. கேக்கறவன்தான் அதைக் கொல்லணும்” என்று ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அன்றிலிருந்து அவர் பெரிய மனிதர்.

மாதம் ஒருமுறை கடையில் கூட்டம் கூடும். எல்லோரும் தரையைப் பார்த்தபடி கேட்பார்கள். “இனி இல்லை” ஆரம்பித்ததும் ஒரு சங்கடம் பிறக்கும். முள்ளை யார் எடுப்பது? முதலில் எடுப்பவனுக்கு ஆழம் போதாது என்று அர்த்தம். ஒருதரம் புதிதாக வந்த ஒரு பையன் கேட்டே விட்டான்.

“எடுத்துடலாமாண்ணே?”

“தாராளமா எடு,” என்றார் பாவோ. “எடுத்தது யாருன்னு நாங்க ஞாபகம் வச்சுக்கறோம்.”

பையன் கையை இழுத்துக்கொண்டான். அன்றைக்கு மேல்வீட்டுக்காரி இறங்கிவந்து திட்டிய பிறகுதான் எல்லோருக்கும் விடுதலை கிடைத்தது. மற்ற தட்டுகளையெல்லாம் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவி வைக்கும் பாவோ, இதை மட்டும் கழுவியதே இல்லை. அதன் பள்ளங்களின் நடுவே மங்கலாக ஒரு மஞ்சள் கறை இருந்தது. “அது எண்பத்து மூணாம் வருஷத்துத் தூசிடா. அதைத் தொடறதுக்கு நாம யாரு?” என்பார்.

இந்தத் தட்டை மறுபதிப்புச் செய்ய முடிவானபோதுதான் நான் உள்ளே வந்தேன். என் பெயர் டிபோ. பல்கலைக்கழகத்தில் தத்துவம் மூன்றாம் வருடம். பாவோவுக்குச் சோகம் வரும், வாக்கியம் வராது. எனக்கு நேர்மாறு. ஆகவே உறைக்குள் வைக்கும் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தார்.

“மரணம்ங்கிற வார்த்தை அங்கங்க வரட்டும். ஆனா சோகமா இருக்கக் கூடாது. குளிரா இருக்கணும்.”

‘முடிய மறுப்பதன் மூலமே இப்பாடல் முடிவைச் சாதிக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கே புரியவில்லை. பாவோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். பாடியவளின் அனுமதி இல்லாமல் வெளியிட முடியாது. அவள் யாரென்றே தெரியாது. அதற்குள் ஜெர்மனியின் லைப்சிக்கில் இதே தொழில் செய்யும் ஊவே என்பவரும் அவளைத் தேடுவதாகச் செய்தி வந்தது. பாவோவுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. கையெழுத்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, பாட்டை “இனி இல்லை”யோடு நிறுத்தி அங்கே மூடிய பள்ளம் வெட்டச் சொல்லி, ஐந்நூறு தட்டுகளை அடித்துக் கடைக்குள் அடுக்கிவிட்டார். அவள் மறுத்தால் அந்த ஐந்நூறும் திருட்டுச் சரக்கு. ஊருக்கெல்லாம் கலை பேசிய பாவோ, பாட்டுத் திருடன்.

அப்புறம்தான், தட்டு அடித்த ஆலையின் பழைய ரசீது ஒன்றை வைத்து, ஆள் கிடைத்தாள். ரோஸா ஸ்டாய்வார்ட். பிளாங்கன்பெர்க் கடற்கரையில் மிதி கார் வாடகைக்கு விடுகிறாளாம்.

பாவோ நொந்துபோனார். “மிதி காரா? அந்தக் குழந்தைங்க சுத்துமே, மஞ்சக் கலர்ல?”

“பெரியவங்களும் சுத்துவாங்க. குடும்பத்தோட போறதுக்கு ஆறு பேர் வண்டியும் இருக்கு,” என்றேன்.

“தன்னை ஒளிச்சுக்கிட்டிருக்காடா,” என்றார் பாவோ. “எப்பேர்ப்பட்ட தற்கொலை இது.”

ரயிலில் போனோம். பழைய தட்டு பாவோவின் மடியில், எஃகுப் பெட்டிக்குள், கல்யாணப் பெண்ணைப் போல உட்கார்ந்து வந்தது. புதுத் தட்டு ஒன்றும் ஒப்பந்தத் தாளும் என் பையில்.

ரோஸாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். ஆரஞ்சு நிறத் தலைமுடி, கழுத்தில் விசில், வெயிலில் நன்றாக வெந்த தோள்கள். ஒரு தகப்பனிடம் “உங்க பொண்ணு நடைபாதையில இடிச்சா காசு நீங்கதான் குடுக்கணும் சார்” என்று கத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். பாவோவின் கறுப்புக் கோட்டை மேலும் கீழும் அளந்தாள்.

“என்ன தம்பி, யாராச்சும் தவறிட்டாங்களா?”

பாவோ குனிந்து வணங்கினார். “நீங்கதானே ஈரச் சுவர்?”

“ஈரச் சுவரா? அது எங்கப்பா ஓட்டலாச்சே. இடிச்சே இருபது வருஷம் இருக்கும்.”

பாவோ என்னைப் பார்த்தார். குழுவின் பெயருக்கு நான் கட்டுரையில் ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருந்தேன். நான் கடலைப் பார்த்தேன்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. காப்பியும் பிஸ்கட்டும் வைத்தாள். தட்டு என்றதும் அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. புதுத் தட்டைப் புருஷனுடைய பழைய கிராமபோனில் போட்டோம். தாள இயந்திரம் ஆணி அடிக்க ஆரம்பித்ததுதான் தாமதம், கைகொட்டிச் சிரித்தாள்.

“அட கடவுளே, இது நானு! கீபோர்டு எங்க பக்கத்து வீட்டு மார்செல். ரெண்டு விரல்தான் அவனுக்கு வேலை செய்யும்.”

பாவோவின் முகத்தில் பக்தி தாண்டவமாடியது. “இனி இல்லை” வந்தது. “இனி இல்லை, இனி இல்லை.” பாவோ கண்களை மூடிக்கொண்டார். ரோஸா எழுந்தாள். போனாள். விரலால் முள்ளை ஒரு தட்டுத் தட்டினாள். முள் சறுக்கிக்கொண்டு நடு லேபிளில் போய் இடித்தது.

பாவோ அலறிவிட்டார். “என்னம்மா பண்றீங்க!”

“மாட்டிக்கிச்சு தம்பி. மீதிப் பாட்டு எங்க?”

“மீதியா?”

“என்னப்பா இது, பாட்டே இனிமேதானே இருக்கு. பழசு கொண்டாந்திருக்கியா? குடு.”

பாவோ எஃகுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆனால் அவருக்கு வேண்டியது அவளுடைய கையெழுத்து. கை தானாகப் பூட்டைத் திறந்தது. ரோஸா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள், மஞ்சள் கறையை நகத்தால் சுரண்டினாள், முகர்ந்து பார்த்தாள்.

“மயோனைஸ்.”

“அது... அந்தக் காலத்துத் தூசி,” என்றார் பாவோ.

“தூசியாம்! ஓட்டலுக்கு வர்றவங்களுக்கு இதைச் சும்மாத்தான் குடுத்தோம், சாப்பிடற மேசையில. ஒருத்தனாவது கையைத் துடைச்சிட்டு வாங்கியிருப்பான்னு நினைக்கறியா?”

சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசம் வந்தது. பாவோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உயிரோடு ஒரு மனிதன் நீராகக் கரைவதை நான் அன்றுதான் பார்த்தேன். கட்டுரையில் போடலாமா என்று யோசித்தேன்.

துண்டால் துடைத்து, ஊதி, தட்டை மறுபடி போட்டாள். கடல், காற்று, காலி நாற்காலிகள். “இனி இல்லை.” பாவோவின் உதடு அடுத்ததற்குத் தயாராகக் குவிந்தது. அடுத்தது வரவில்லை. வந்தது இது:

“இனி இல்லை சிப்பி! செப்டம்பர் வந்தா வாங்க! வறுத்த கிழங்கு உண்டு! வெண்ணெய் போட்ட மீனும் உண்டு!”

மார்செலின் மூன்றாவது விரல் எங்கிருந்தோ உயிர்பெற்றது. மணி ஒலித்தது. பின்னால் நான்கைந்து பேர் கைதட்டினார்கள். “ஈரச் சுவருக்கு வாங்க” என்று ரோஸாவின் குரல் ஏணிமேல் ஏறுவதுபோல் ஏறி, உச்சியில் போய் நின்றது. அசையாமல், பிசிறில்லாமல், நெடுநேரம் நின்றது. பிறகு பாட்டு முடிந்தது. முள் தானாகவே ஓரத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

“அந்தக் கடைசி இழுப்பு இருக்கே,” என்றாள் ரோஸா, கண் பளபளக்க, “அதுக்காகத்தான் அப்பா தட்டு போட ஒத்துக்கிட்டாரு. தெருவுல போறவன்லாம் நின்னு கேப்பான். அதையா வெட்டிட்டீங்க?”

பாவோ ஆரம்பித்தார். “அம்மா, நீங்க புரிஞ்சுக்கணும். வெட்டுனதுலதான் கலை இருக்கு. அந்த ‘இனி இல்லை’க்கு அப்புறம் ஐரோப்பாவுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியல...”

“நான் சொன்னேனே. வெயில் காலத்துல சாப்பிடச் சிப்பி இல்லைன்னு.”

“அது வெறும் விளம்பரம்மா!”

“ஆமா, விளம்பரம்தான். உன்னோடது மயோனைஸ்.”

ஒப்பந்தத்தை நீட்டினேன். படித்தாள். வாடகை வண்டி நடத்துபவள் ஆகையால் சின்ன எழுத்தையும் படித்தாள்.

“போடறேன். முழுப் பாட்டா வரணும். அந்த வெட்டுப்பட்ட சரக்கு எவ்வளவு இருக்கு?”

பொய் சொல்லத் தெரியாதவரில்லை பாவோ. ஆனால் அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. “ஐநூறும்மா. கடையில அடுக்கியிருக்கு.”

“அத்தனையும் இங்க வந்து சேரணும். என் கண்ணால பாத்த அப்புறம் கையெழுத்து. முடியாதுன்னா சொல்லு, போன வாரம் லைப்சிக்லேருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. தங்கமான மனுஷன், ரொம்ப மெதுவாப் பேசறாரு.”

அந்தப் பெயரற்ற தங்கம்தான் பாவோவை முடித்தது. வார இறுதியில் வேன் பிடித்து ஐந்நூறையும் கொண்டுபோய் இறக்கினார். கையெழுத்து கிடைத்தது.

முழுப் பாட்டும் வெளியானது. புதிய கட்டுரையும் நான்தான் எழுதினேன்: ‘சிப்பியின் இன்மையும் செப்டம்பரின் வாக்குறுதியும்’. கடையில் கூட்டம் கூடியது. தரையைப் பார்த்தபடி கேட்டார்கள். வறுத்த கிழங்கு வந்ததும் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. பாட்டு முடிந்தபோது, ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த ஒரு ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“யாருங்க இந்தம்மா? எதுக்கு இவ்வளவு சந்தோஷம்?”

“இதுதான் அசல்,” என்றார் பாவோ. பாவம், நிஜமாகவே அப்போது அவருக்கு அது பிடிக்க ஆரம்பித்திருந்தது. வேனில் திரும்பி வரும்போது அந்தக் கடைசி இழுப்பை அவர் முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

“அசலா? விலை போயிட்டீங்க பாவோ,” என்றான் அவன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். மற்றவர்கள் அவன் பின்னால் போனார்கள். நாற்பது வருடத்துக்கு முன் ஓட்டல் விளம்பரத்துக்குப் பாடிய ஒருத்தி, நாற்பது வருடம் கழித்து விலை போய்விட்டாளாம். பாவோவோடு சேர்த்து அவளுக்கும் எங்கள் வட்டாரத்தில் கதவு சாத்தப்பட்டது.

ஆனால் அந்த ஐந்நூறு பற்றிய செய்தி கசிந்தது. யார் கசியவிட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் தத்துவம் படிப்பவன். கைவிடப்பட்ட, பாடியவளே பறித்துக்கொண்ட, யாருமே கேட்டிராத ஐந்நூறு பிரதிகள்! எங்கள் ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘மயோனைஸ் பதிப்பு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ரோஸா அவற்றை என்ன செய்தாள் என்றால், நடுத்துளையில் கயிறு கோத்து, வண்டி நிறுத்துமிடம் நெடுக, தோரணமாகக் கட்டிவிட்டாள். வாடிக்கையாளர் கையிலிருந்து வறுத்த கிழங்கைப் பிடுங்கும் கடற்பறவைகளை விரட்டவாம். பறவைகள் ஒன்றும் பயப்படவில்லை. கயிற்றிலேயே உட்கார்ந்துகொண்டன.

ஆகஸ்ட் மாதம், கொளுத்தும் வெயிலில், கறுப்புக் கோட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். கென்டிலிருந்து, ஆண்ட்வெர்ப்பிலிருந்து, லைப்சிக்கிலிருந்துகூட. ரோஸா தட்டை விற்க மாட்டேன் என்றுவிட்டாள். கயிற்றுக்குப் பக்கத்தில் போகவேண்டும் என்றால் வண்டி வாடகைக்கு எடுத்தாக வேண்டும், நடந்து வர அனுமதி இல்லை. ஆகவே எடுத்தார்கள். எதுவும் பிடிக்காத முகத்தோடு, மஞ்சள் மிதி கார்களில், முழங்கால் தாடையில் இடிக்க, தோரணத்தின் கீழே வட்டம் வட்டமாக மிதித்தார்கள். தங்கமான ஊவேயும் மிதித்தார். குழந்தைகள் ஹாரன் அடித்து முந்திப் போயின.

கடைசியாகப் பாவோ வந்தார். என்னையும் துணைக்கு இழுத்து வந்திருந்தார். கடையைத் திறந்து வைத்தும் ஆள் வருவதில்லை. ஒரே ஒரு மயோனைஸ் தட்டைச் சுவரில் மாட்டினால் திரும்பி வருவார்கள் என்பது கணக்கு.

“அம்மா,” என்றார், “ஒண்ணே ஒண்ணு. நான் அடிச்சதுதானே?”

ரோஸா தோரணத்தைப் பார்த்தாள். கீழே சுற்றுகிறவர்களைப் பார்த்தாள். அந்த சீசனில் அவளுக்கு நல்ல கூட்டம்.

“உனக்கு இந்தப் பாட்டு பிடிச்சிருக்கா தம்பி? முழுசா?”

பாவோ வாயைத் திறந்தார். ஆண்ட்வெர்ப் ஆள் காது கேட்கும் தூரத்தில் மிதித்துக்கொண்டு போனான்.

“இல்ல,” என்றார் பாவோ, அவன் காதில் விழும்படி.

“அப்ப எல்லாரையும் மாதிரி வரிசையில நில்லு,” என்று ரோஸா விசிலை எடுத்தாள். “ரெண்டு பேர்னா பெரிய வண்டி எடுத்துக்கோ. அந்தப் பையனையும் மிதிக்கச் சொல்லு.”