உறைய வைத்த ஆறு மாதம்

அச்சகத்து மாடியில் குடியிருந்த நாட்களை நினைத்தால் அவளுக்கு இன்றும் ஏக்கமாக இருக்கும். கீழே இயந்திரம் ஓடினால் மேலே பாத்திரங்கள் ஆடும். அங்கே பிழைதிருத்துகிற கணவன் ஊர்ப்பட்ட எழுத்துப்பிழையைக் கண்டுபிடிப்பான், தன் மூக்குக்கண்ணாடியை மட்டும் தேடிக்கொண்டே இருப்பான். லாரி ஓட்டும் அவன் தம்பி லோடு இறக்கிவிட்டு வந்தால் மூவரும் வாய் ஓயாமல் அரட்டை அடிப்பார்கள்.

கணவனுக்கு விந்தணு இல்லை என்று தெரிந்ததும் வீட்டில் சத்தமே இல்லை. கொடையாளர் வேண்டும் என்றார் டாக்டரம்மா. யாரோ ஒருவன் என்று நினைக்கவே கணவனுக்கு மனம் ஒப்பவில்லை. தம்பிதான் வாயைத் திறந்தான்.

"நான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு அண்ணி?"

டாக்டரம்மா அவன் ரத்தத்தைச் சோதித்தார். கிருமி எதுவும் இல்லை. அப்படியும் விந்தை உறைய வைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்த பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும் என்றார்.

"புதுசா தொத்தின கிருமி உடனே தெரியாதும்மா. விந்து வழியா உங்களுக்கும் வரலாம், குழந்தைக்கும் வரலாம்."

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. கணவனோ தாம்தூம் என்று குதித்தான். கெடுபிடி இல்லாத வேறு ஆஸ்பத்திரி பார்ப்போம் என்றான்.

"என் உடம்பு. நான் காத்திருக்கேன்," என்றாள் அவள். கொழுந்தன்மேல் சந்தேகமெல்லாம் இல்லை, கிருமிப் பயம்தான்.

தம்பியின் கோபம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அப்படியொரு ஆறு மாதம் இனி வராது. போன இடத்திலெல்லாம் பொம்மை வாங்கி வந்தான். பெயர் வைப்பதில் அண்ணனோடு மல்லுக்கட்டினான். பிறக்காத குழந்தைக்கு அத்தனை செல்லம்.

இரண்டாவது சோதனையில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. எங்கேயாவது சலூன் கத்தியோ, பச்சை குத்திய ஊசியோ, அவனுக்கே தெரியவில்லை. உறைந்திருந்ததை ஆஸ்பத்திரியில் அழித்துவிட்டார்கள்.

அதன்பின் அவன் வாசலோடு நின்றான். சேர்ந்து சாப்பிட்டால் தொத்தாது என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டும் அவன் கேட்கவில்லை. குழந்தை தள்ளிப்போனதைத் தாங்கிக்கொண்டவளால் இவன் தள்ளி நின்றதைத் தாங்க முடியவில்லை.

கணவனும் மனம் ஒப்பிய பிறகு, முகம் தெரியாத ஒருவரின் கொடையில் மகள் பிறந்தாள். சித்தப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்றான். அவள் குழந்தையோடு மெல்ல எழுந்து வந்தாள்.

"இவளுக்கு ஹெபடைடிஸ் தடுப்பூசி போட்டாச்சு தம்பி. பிடிங்க."

"வேண்டாம் அண்ணி."

"அன்னைக்கு நான் உங்களை நம்பலைன்னு இன்னும் வருத்தமா?"

"நம்பியிருந்தா உங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? அதை நினைச்சுத்தான் உள்ள வர முடியல."

அவள் குழந்தையை அவன் கையில் வைத்தாள். அது சட்டையை நனைத்த பிறகும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.