மூன்றுமதில் சந்தியில் ஒரு சிவப்பு

கடிதம் கப்பலில் வந்தது.

சண்டை ஓய்ந்திருந்த 1995ஆம் ஆண்டின் மாசி மாதம். எத்தனை நாளைக்கு ஓய்ந்திருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த இடைவெளிக்குள் யாழ்ப்பாணத்துக்குச் சீனி வந்தது, சவர்க்காரம் வந்தது, சாக்குச் சாக்காகக் கடிதங்கள் வந்தன. அவற்றுள் கொழும்புத் தலைமைக் கந்தோரின் கடிதம் ஒன்று ஊர்ச் சபைக் கந்தோருக்கு வந்து, ஊரார் 'ரீ.ஓ.' என்று கூப்பிடும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சோமசேகரத்தின் மேசையில் விழுந்தது.

அதை அவர் மூன்று தரம் வாசித்தார்.

'மூன்றுமதில் சந்தியில் வீதிச் சமிக்ஞை விளக்கு அமைத்தல். தங்கள் 1983 தை மாத விண்ணப்பம் தொடர்பாக. சுற்றாடல் ஆய்வு இணைக்கப்படவில்லை. இத்துடனுள்ள வினாக்கொத்தை நிரப்பிப் பங்குனி 31ஆம் திகதிக்கு முன் அனுப்பினால் மேற்கொண்டு கவனிக்கப்படும்.'

பன்னிரண்டு வருடம் எந்த அலுமாரியில் தூங்கிக் கிடந்ததோ அந்த விண்ணப்பம்! யார் கையில் அகப்பட்டதோ! சோமசேகரத்துக்கு அதெல்லாம் அக்கறையில்லை. அந்தப் பங்குனி 31, அதாவது மார்ச் 31, அவர் ஓய்வுபெறும் நாள். அவர் உத்தியோகத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்குப் பதில் வந்துவிட்டது.

தட்டச்சு செய்யும் ஸ்ரெல்லா எட்டிப் பார்த்தாள். குருநகர்க் கத்தோலிக்கப் பெண். நாக்கில் எப்போதும் ஒரு சிரிப்பை வைத்திருப்பவள்.

"சேர், கறண்டே இல்லாத ஊருக்குச் சிக்னல் லைற்றோ?"

"கறண்ட் வரும் பிள்ளை."

"எப்ப சேர்? அஞ்சு வருசமாக் குப்பி விளக்கிலைதான் தலை வாரி இழுக்கிறன்."

"லைற் வந்திட்டா, கறண்ட் வராமல் வேறை எங்கை போகப்போகுது?"

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. வினாக்கொத்தை வாங்கித் தூசு தட்டிக் கொடுத்தாள்.

சோமசேகரம் 1981இல் ஒரு பயிற்சிக்காகக் கொழும்பு போயிருந்தார். ஒரு மழை மாலை. ஒரு சந்தியில் நின்றுகொண்டிருந்தபோது மேலே சிவப்பு விழுந்தது. நனைந்த வீதி முழுக்க அந்தச் சிவப்பு வழிந்தது. பஸ், லொறி, கார் எல்லாம் அப்படியே நின்றன. ஒருவரும் அதட்டவில்லை, விசில் ஊதவில்லை. ஒரு கிழவி கையில் மீன்பையோடு, வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல ஆறுதலாக நடந்து கடந்தாள். அந்த நேரம் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அவருக்குப் பட்டது. என்ரை ஊரிலும் ஒரு சந்தி இப்படி நிற்கவேண்டும் என்று அன்றைக்கு மனதுக்குள் விழுந்ததுதான்.

மூன்றுமதில் சந்திக்கு அது தேவையாகவும் இருந்தது. இரண்டு வீதிகள் வெட்டும் இடம். மூன்று மூலையிலும் ஆள் உயரத்துக்கு மேலே மதில். நாலாவது மூலையில் ஒரு வேம்பு, வேம்புக்குப் பின்னால் மார்க்கண்டுவின் தேநீர்க்கடை. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று இந்தப் பக்கத்துச் சைக்கிளுக்குத் தெரியாது. மார்கழியில் ஒரு வாத்தியாருக்குத் தொடை எலும்பு முறிந்தது. தையில் விறகு கட்டி வந்த ஒருவருக்கு முன்பல் இரண்டும் போனது.

முதல் வேலை எண்ணுவது. மூன்று நாள் காலை ஆறு மணிக்கே போய் வேம்பின்கீழ் வாங்கு போட்டு உட்கார்ந்தார். மாசிப் பனி வீதியில் வெள்ளைத் துணி விரித்ததுபோலக் கிடக்கும். அதற்குள்ளிருந்து முதலில் மணிச்சத்தம் வரும், பிறகு சில்லு வரும், கடைசியாகத்தான் ஆள் வருவார். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு பனிக்குள் கரைந்து போவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்று இருமிக்கொண்டு வந்து நீலப்புகையை விட்டுவிட்டுப் போகும். அவர் தாளில் கோடு போட்டார். வினாக்கொத்தில் காருக்கு, லொறிக்கு, பஸ்ஸுக்கு எல்லாம் கட்டம் இருந்தது. சைக்கிளுக்கு இல்லை. 'ஏனையவை' என்ற சின்னக் கட்டத்துக்குள் ஒன்பதாயிரத்துச் சொச்சம் சைக்கிள்களை நெருக்கி அடைத்தார்.

மோதியதும் மோதப் பார்த்ததுமாக மூன்று நாளில் நாற்பத்தொன்று.

அடுத்த வேலை, கம்பம் நடும் இடத்தை நிலத்தில் அடையாளமிடுவது. மர முளை அடித்தால் விடிவதற்குள் யாராவது அடுப்புக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். விறகுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. ஆகவே பங்குனி முதலாம் திகதி முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து வேம்படியில் நட்டார். அதில் சிவப்புப் புள்ளி ஒன்று வைக்கவேண்டும். ஊரில் வர்ணம் ஏது? மனைவியின் சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து, நல்லெண்ணெயில் குழைத்து, கல்லின் நெற்றியில் பூசினார். கையில் ஒட்டிய எண்ணெயை இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அன்று பின்னேரமே குளிர்ந்தது. மலேரியா.

பதினொரு நாள் அவர் இந்த உலகத்தில் இருக்கவில்லை. போர்வைக்குள் கிடந்தவருக்குக் கண்ணை மூடினால் சந்தி தெரிந்தது. கொக்குவிலிலிருந்து கடல்வரை எல்லாச் சந்திகளிலும் விளக்குகள் பூத்திருந்தன. பச்சை விழும்போது பனை ஓலைகள் பச்சையாக ஒளிர்ந்தன. மஞ்சளில் கோயில் கோபுரங்கள் மிதந்தன. சிவப்பில் எல்லாம் நின்றன. பறந்த காகம்கூடச் சிறகை விரித்தபடி ஆகாயத்தில் நின்றது. "பச்சை வந்திட்டுது, விடு, விடு" என்று அவர் பிதற்றினார். மனைவி நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பொழுதுபடும் நேரம், கால் நடுங்க நடுங்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தியைப் பார்க்கப் போனார்.

தூரத்திலேயே கண்டார். மூன்றுமதில் சந்தியில் சிவப்பாக ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாலு பக்கத்துச் சைக்கிள்களும் நின்றிருந்தன. ஒரு கால் நிலத்தில் ஊன்றி, ஒருவருக்கொருவர் வழி விட்டு, ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒருவரும் அதட்டவில்லை. காய்ச்சல் இன்னும் விடவில்லை என்றுதான் சோமசேகரம் நினைத்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டப் போனார்.

கல்லுக்குச் சிவப்புப் பட்டுக் கட்டியிருந்தது. முன்னால் ஒரு சூலம், செவ்வரத்தம் பூ, கழுத்து நிறைய வடைமாலை. அகல்விளக்கு வெளிச்சம் பட்டில் பட்டுச் சந்தி முழுக்கச் சிவந்திருந்தது.

"வாங்கோ ரீ.ஓ. ஐயா" என்று மார்க்கண்டு கடைக்குள்ளிருந்து வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "வைரவரை நட்டுப்போட்டு ஆளைக் காணேல்லை. வருத்தமாமெண்டு கேள்விப்பட்டனாங்கள்."

"ஆர் சொன்னது வைரவர் எண்டு?"

"ஆர் சொல்லவேணும்? வேப்பமரத்தடி, சந்தி, கருங்கல்லு. நீங்கள் பொட்டு வைச்சு, ரெண்டு கையாலையும் கும்பிட்டுப்போட்டுப் போனதை என்ரை கண்ணாலை கண்டனான்."

"அண்ணை, நான் கும்பிடேல்லை. கையிலை இருந்த எண்ணெயைத் துடைச்சனான்."

மார்க்கண்டு அவரை இரக்கத்தோடு பார்த்தார். "காய்ச்சல் உங்களை நல்லா வாட்டிப்போட்டுது. இருங்கோ, ஒரு பிளேன்ரீ குடியுங்கோ. வடையும் இருக்கு, இண்டைக்குப் போட்ட மாலை."

மறுநாள் கந்தோரில் ஸ்ரெல்லா வினாக்கொத்தின் ஏழாம் கேள்வியை விரலால் காட்டினாள். 'ஐம்பது யார் (கெஜம்) தூரத்துக்குள் வணக்கத்தலம் உண்டா? உண்டெனில் இவ்விடத்தில் விளக்கு அமைக்க அனுமதியில்லை.'

"மூண்டு கிழமைக்கு முந்தி இல்லை எண்டு எழுதியிருக்கலாம் சேர். இப்ப வடைமாலையோடை நிக்குது."

"அது என்ரை முளைக்கல்லு பிள்ளை."

"அதை வைரவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. எங்கடை ஆக்களும் விடேல்லை. நேற்று லூர்த்தம்மா அன்ரி உதாலை போகேக்கை, எதுக்கும் இருக்கட்டுமெண்டு சிலுவை போட்டவவாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமைதானே வினாக்கொத்தோடை அனுப்பச் சந்தியைப் படம் எடுக்க வருகினம். அதுக்கு முதல் விடியக்காலமை போய்க் கல்லைக் கிளப்பி விடுங்கோ. ஆரும் காணாயினம். பன்னிரண்டு வருசமாப் பார்த்துக்கொண்டிருந்தனீங்கள்."

சோமசேகரம் அன்று பின்னேரம் களஞ்சிய அறையிலிருந்து ஒரு அலவாங்கை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை விடியல். வழக்கத்தைவிடக் கூடப் பனி. சந்தி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வேம்பு மட்டும் கறுப்பாக மிதந்தது. அவர் அலவாங்கின் நுனியைக் கல்லின் அடியில் கொடுத்தார். ஒரு நெம்பு நெம்பினால் போதும், நட்டது அவர்தானே, எவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரியும்.

கால் குளிர்ந்தது.

குனிந்து பார்த்தார். வெறுங்கால். பனி கோத்த புல்லில் விரல்கள் வெளிறிப் போயிருந்தன. திரும்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி, வீதியோரத்தில், அவருடைய செருப்பு இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. எப்போது கழற்றினார்? அவருக்கு ஞாபகமே இல்லை. தன் மனைவியின் குங்குமம், தன் கையால் குழைத்த எண்ணெய், இது வெறும் முளைக்கல் என்று இந்த ஊரில் அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய கால்களுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

பனிக்குள்ளிருந்து மணிச்சத்தம் கேட்டது. கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று. இரண்டும் வேகமாக வந்து, மதில் மூலையில் ஒன்றாக வெளிப்பட்டு, இரண்டும் ஒருங்கே நின்றன. ஒருவர் மீன்பெட்டி கட்டியவர். மற்றவர் உடுவில் பக்கத்திலிருந்து மரக்கறி கொண்டு வருபவர். இருவரும் கல்லைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்தார்கள்.

"நீங்கள் போங்கோ, அண்ணை."

"இல்லை தம்பி, உன்ரை மீன் பழுதாப்போம். நீ போ."

மீன்பெட்டி போனது. மரக்கறி போனது. பனி மூடிக்கொண்டது. அலவாங்கை வேம்பில் சாத்திவிட்டுச் சோமசேகரம் வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து முதல் கோட்டைப் போட்டார்.

வியாழன், வெள்ளி, சனி. அதே மூன்று நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை வந்த படக்காரர் கல்லையும் பட்டையும் வடைமாலையையும் சேர்த்தே படம் எடுத்துக்கொண்டு போனார். சைக்கிள்கள் முன்புபோலவே ஒன்பதாயிரத்துச் சொச்சம். மோதியதும் மோதப் பார்த்ததும் இரண்டு. அதில் ஒன்று, இதென்ன சாமி என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போன ஒரு உடுப்பிட்டிக்காரர் மார்க்கண்டுவின் வாங்கில் முட்டியது.

நாற்பத்தொன்றும் இரண்டும். சனிக்கிழமை மத்தியானம் முழுக்க அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் எண்ணை மட்டும் அனுப்பலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் தலைக்கு மேலே, வேப்பங் கொப்புகளுக்கிடையில், பச்சையும் மஞ்சளும் சிவப்பும் இன்னும் மாறி மாறி விழுந்துகொண்டுதான் இருந்தன. அவை இங்கே வேண்டியதில்லை என்று அவர் கையாலேயே எழுதவேண்டும். மார்க்கண்டு கேளாமலே தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை ஸ்ரெல்லா தட்டச்சில் தாளைச் செருகினாள்.

"ஏழாம் கேள்வி, சேர். வணக்கத்தலம்?"

"உண்டு."

அவள் விரல்கள் நின்றன. "சேர், ஓம் எண்டு அடிச்சா இதோடை முடிஞ்சுது. தெரியும்தானே?"

"தெரியும். ரெண்டு கணக்கையும் கீழை போடு. முந்தி நாப்பத்தொண்டு, இப்ப ரெண்டு. விளக்கு தற்போது அவசியமில்லை எண்டு எழுது."

அவள் பகிடி ஒன்றும் விடவில்லை. டக் டக்கென்று அடித்து முடித்தாள்.

"வணக்கத்தலத்தின் வயது எண்டு கேட்டிருக்கு. பழமையானதெண்டு போடட்டே?"

"இருபத்தொரு நாள்."

"சேர், கொழும்பிலை சிரிப்பினம்."

"சிரிக்கட்டும் பிள்ளை. எண்ணினதைத்தானே எழுதலாம்."

அவள் அடித்தாள். தாளை ஒரு வரி மேலே தள்ளினாள். அடுத்த கேள்வியை வாசிக்கும்போது அவள் குரலில் பழைய சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

"அமைத்தவர் பெயர்?"

சோமசேகரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பங்குனி வெயிலில் வீதி நீர்போல நெளிந்துகொண்டிருந்தது. சைக்கிள்கள் அதில் நீந்திப் போயின.

"சோமசேகரம் எண்டு போடு."

"பதவி?"

"தொழில்நுட்ப உத்தியோகத்தர்" என்றார். "இன்னும் ஒன்பது நாள் இருக்கு."