காலைக் கல், மாலைக் கல்

கணவனைச் சாகும்வரை வருடக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பார்த்தவளுக்குப் பாலைவனத்தில் தனியே பட்டினி கிடப்பது சொர்க்கம். யாரும் "மார்லிஸ்" என்று கூப்பிட மாட்டார்கள். அதற்காகத்தான் இந்த முகாமுக்கே வந்தேன்.

அறுபதைத் தாண்டியவர்கள் நடுவயதை இறக்கி வைத்துவிட்டு முதியவர்களாகத் திரும்பும் முகாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செம்பாறைகளுக்கு நடுவே மூன்று நாள், ஆளுக்கொரு இடத்தில், வெறும் தண்ணீரோடு இருக்க வேண்டும். கடைசியில் வட்டமாக உட்கார்ந்து, எதை இறக்கி வைத்தோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நான் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே தயார் செய்துவிட்டேன்: இனி யாரையும் பார்த்துக்கொள்ள மாட்டேன். என் மகன் டெரிக் தன் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள தான் இருக்கும் டென்வர் நகரத்துக்கு என்னை அழைத்துப் போவதாக இருந்தான். மாடியறைக்கு வண்ணம்கூட அடித்தாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடியாது என்று அவனிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. வட்டத்தில் சொல்லிப் பழகினால் வந்துவிடும் என்று நம்பினேன்.

முகாமை நடத்திய பெண் தனக்கு ஜூனிப்பர் என்று அந்த ஊர் மரத்தின் பெயரை வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அம்மா வைத்த பெயர் போதவில்லை போலிருக்கிறது. எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, கல் வைக்க ஜோடிக்கொரு பொது இடம் காட்டினாள். காலையில் நான் அங்கே போய் ஒரு கல் வைக்க வேண்டும், மாலையில் என் ஜோடி. முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது. கல் இருந்தால் ஆள் நலம். இல்லாவிட்டால் தேடிப் போக வேண்டும்.

எனக்கு வாய்த்தவர் டுவைட், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வழியெல்லாம் தன் இடுப்பு வலியைப் பற்றி ஓயாமல் பேசினார். பிரியும்போது, கல் இல்லாவிட்டால் நிச்சயம் வருவேனா என்று இரண்டு தடவை கேட்டார்.

முதல் நாள் காலை என் கல்லை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை போனால், அந்தக் கல் மட்டும் தனியாகக் கிடந்தது. கவலை வருவதற்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இங்கேயுமா? முட்டியைப் பிடித்துக்கொண்டு பாறை ஏறினேன். மனிதர் நிழலில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏன் கல்லு வைக்கல?"

"வர்றீங்களான்னு பாத்தேன்," என்றார் தலை நிமிராமல். "போன குளிர்காலம் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். ஒரு நாள் முழுக்கக் கெடந்தேன். யாரும் தேடல. நானேதான் தவழ்ந்து வெளிய வந்தேன்."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்று முழுவதும் மனதுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. யாராவது வருவார்களா என்று பார்க்கும் தைரியமாவது அவருக்கு இருந்தது.

அடுத்த நாள் காலை கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என் இடத்து மரத்தடியிலேயே படுத்திருந்தேன். சோதிப்பதற்காக இல்லை, எழுந்திருக்க முடியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மைதான்.

வெயில் தாழ்ந்தபோது என் பெயர் கேட்டது. இடுப்பு வலிக்காரர், கம்பை ஊன்றி மூச்சு வாங்கக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இத்தனை வருடமாக என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

"அடிபட்டுச்சா?"

"இல்ல."

"பழிக்குப் பழியா?"

"களைப்பா இருக்கு, டுவைட்."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் காரணம் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, தூங்கச் சொன்னார். தூங்கினேன்.

வட்டத்தில் என் முறை வந்தபோது, தயார் செய்த வாக்கியம் பொருந்தவில்லை. கல்லைக் காணோம் என்றதும் பாறை ஏறிப் போனவள்தானே நான். களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஜூனிப்பர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள்.

நெடுஞ்சாலைக்கு வந்து ஃபோனில் சிக்னல் கிடைத்ததும் டெரிக்கைக் கூப்பிட்டேன்.

"எனக்குக் களைப்பா இருக்குடா. நான் அங்க வரல."

அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது, கூடவே இன்னொன்று. 'சரி, வர்றேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"நீ இப்ப எங்கம்மா இருக்க? நான் வரட்டுமா?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.