ஆலம்பரைக் கோட்டையில் வாயைத் திறந்தேன்

கோயிலில் பெண் பார்த்தால் மரக்காணமே திரண்டு வந்துவிடும் என்று ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். அப்பா, பாக்கியலட்சுமி அத்தை, நான். ஆட்டோ ஏறியதிலிருந்து அத்தை ஒரே பாட்டுத்தான். "ரேகா, வாயத் தொறந்த, கொன்னுடுவேன். போன தடவ வந்தவங்க, பொண்ணு ரொம்ப சத்தம்னு சொல்லிட்டுப் போனது ஞாபகம் இருக்குதுல்ல?"

ஏன் இல்லை? நாங்கள் உப்பு வாருகிற உப்பளத்தில் அடிக்கிற காற்றுக்குக் கத்தாமல் பேசினால் யாருக்குக் கேட்கும்? சரி, இன்றைக்கு ஊமையாக இருந்துவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டேன்.

கோட்டை பாதி இடிந்து கிடந்தாலும் என்ன அழகு! மதில்மேல் ஏறினால் கீழே கழிவெளி உப்பங்கழி, அதற்கப்பால் கடல். அங்கே தன் அம்மா தெய்வநாயகியோடு நின்றிருந்தார் மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ், அனுமந்தை ஊர்க்காரர். மீன்பிடி போட்டில் போகிறவர். பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஐயோ, அப்படிப் பிடித்துவிட்டது! அந்த அம்மா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன்.

"பொண்ணு பேசுமா?"

"ரொம்ப சாதுங்க," என்றாள் அத்தை கூசாமல்.

அப்போது என் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்தால் கருமேகம். மதிலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு குவியல், பக்கத்தில் சுருட்டி வைத்த தார்ப்பாய். அவ்வளவுதான், உப்பு கரைந்துவிடுமே என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி ஓடினேன். "மழ! மழ! டேய், என்னா வேடிக்க பாக்கற? அந்த முனையப் புடிடா! இழு!" யாரைக் கூப்பிடுகிறேன் என்றுகூடப் பார்க்காமல் நான் போட்ட சத்தத்தில் கழிவெளிக் கொக்கெல்லாம் பறந்துவிட்டன.

மூடி முடித்து மூச்சு வாங்கியபோதுதான் பார்த்தேன். அது உப்பே இல்லை. கோட்டைச் சுவரைப் பூசக் கொட்டியிருந்த சுண்ணாம்பு. அப்பாவும் ஓடிவந்து, தார்ப்பாய் பறக்காமல் மேலே வைக்க எடுத்த கல்லோடு திருதிருவென்று முழித்தார். எதிர் முனையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சுண்ணாம்பாக நின்றவர் ஜெயப்பிரகாஷ்.

தெய்வநாயகி மெல்ல இறங்கி வந்தார். போச்சு, என் வாயே என்னைக் கெடுத்துவிட்டது என்று புடவைச் செருகலை அவசரமாக இழுத்துவிட்டேன்.

"எம் புள்ளைய டேய்னு கூப்ட்டது நீதான?"

தலையாட்டினேன்.

"நான் தெனம் தொண்ட கிழியக் கத்துறேன், ஒரு கொடம் தண்ணி எடுத்தாரமாட்டான். நீ ஒரு சத்தம் போட்ட, மதில்லேர்ந்து குதிச்சிட்டான்!" என்றவர் அத்தை பக்கம் திரும்பினார். "சாதுன்னு ஏங்க பொய் சொன்னீங்க? இவனுக்கு சாதுப் பொண்ணு ஆகாது, வேணாம்னு சொல்லிட்டுக் கெளம்பலாம்னு இருந்தேன்."

ஜெயப்பிரகாஷ் இன்னும் முனையை விடவில்லை. "விட்டுடவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"கல்லு வெச்சிட்டு விடுங்க!" என்றேன், முழுச் சத்தத்தில்.