வலது மட்கார்டில் நாலு ஓட்டைகள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் ஜிராயர். அலெப்போவில் நான் பேட்டரிக் கடை வைத்திருந்த பதினோரு வருஷமும் எதிர்த்த பெயிண்ட் பட்டறையில் தகரம் தட்டி நிமிர்த்திய ஆர்மீனியன். ரெண்டு பேரும் அந்த ஊரை விட்டு வந்த பிறகு, ரெண்டு தடவை சொன்னான். ரெண்டு தடவையும் முடிவு வேறு. எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் பயந்தேன், இப்போதும் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். பயத்தை வாய்விட்டுச் சொன்னால் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1998 மார்ச்சில் கர்னல் [          ] தன்னுடைய [          ] காரைக் கொண்டுவந்து..."

அடைப்புக்குள் பெயர்கள் இருந்தன. பிடுங்கிவிட்டேன். கர்னலுக்கு மகன்கள் இருக்கிறார்கள், படிக்கத் தெரிந்தவர்கள். வால் பக்கம் துடுப்பு வைத்த பெரிய அமெரிக்கக் கார் ஒன்றை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

2

பட்டறைக்காரன் அபூ ஷாதி. பெயிண்ட் அடிப்பதில் கெட்டிக்காரன், மற்ற எல்லாவற்றிலும் பயந்தாங்கொள்ளி. கார் கறுப்பாக வந்தது. எம்பளம், அதாவது கார்ப் பெயரின் நிக்கல் எழுத்து, ஒன்றுகூட அதன் மேல் இல்லை, எல்லாம் டிக்கியில் ஒரு துணி மூட்டையில் கிடந்தன.

"பொண்ணுக்கு வியாழக்கிழமை கல்யாணம்" என்றார் கர்னல். "பால் வெள்ளை அடி. எம்பளமெல்லாம் ஆதியில எப்படி இருந்துச்சோ அப்படியே உட்காரணும்."

"சரிங்க ஐயா."

"கோணல் மாணலா ஏதாவது இருந்துச்சு..."

முடிக்கவில்லை. அங்கே அப்படிப்பட்டவர்கள் வாக்கியத்தை முடிப்பதில்லை, கேட்கிறவன் வீட்டுக்குப் போய் முடித்துக்கொள்வான். (நானும் இந்தக் கதையில் அதைத்தான் செய்கிறேனோ என்று வெட்கமாக இருக்கிறது.)

3

உப்புத்தாளால் கறுப்பைத் தேய்த்ததும் அடியில் வெளிர் பச்சை தெரிந்தது. அபூ ஷாதி வலது மட்கார்டில் பழைய பட்டியை, பள்ளம் அடைக்கிற பூச்சை, சுரண்டினான். பட்டி உதிர்ந்தது. அபூ ஷாதி அப்படியே நின்றுவிட்டான்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?" என்றான் ஜிராயர்.

"நாலு ஓட்டை."

"இருந்துட்டுப் போகட்டும். எவனோ கண்ணு தெரியாத கபோதி போட்டிருக்கான்."

"நான்தான் போட்டேன்."

1981. பல் டாக்டர் ஹிக்மத்தின் கார். பெயிண்ட் அடித்து முடித்து, இடது மட்கார்டுக்கு வெட்டிய காகித அச்சை வலதுக்கு அப்படியே புரட்டிப் போட்டு டிரில்லை இறக்கிவிட்டான். எழுத்து ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஓடும், கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பாது. அது உறைப்பதற்குள் மூன்று ஓட்டையும் விழுந்துவிட்டது. நாலாவதாக ஒன்று போட்டு எப்படியோ கவ்வ வைத்தான். எம்பளம் தலை தொங்கி நின்றது. அழாத குறையாகத் திருத்தித் தருகிறேன் என்றான். டாக்டர் சிரித்தார்.

"விடுப்பா. ஊர்ல இந்தக் காரு பத்து நிக்குது. இதை வச்சே என் வீட்டுக்காரி என் வண்டியைக் கண்டுபிடிச்சுக்குவா."

அடுத்த வருஷம், பட்டாளத்துக்காரர்கள் ஊரில் ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலம், ஒரு காலையில் டாக்டர் அந்தக் காரில் கிளினிக்குக்குக் கிளம்பினார். அவரும் திரும்பவில்லை, காரும் திரும்பவில்லை.*

* வீட்டுக்காரி நாஹிதா, கணக்கு டீச்சர். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு எங்கள் தெரு வழியாகத்தான் வருவார். அந்த வகைக் கார் எது வந்தாலும், என்ன நிறமானாலும், நின்று அதன் வலப்பக்கத்தைப் பார்ப்பார். பதினாறு வருஷமாக. எதற்கென்று தெரியாமல், பாவம், மூளை கலங்கிவிட்டது என்று நானே ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

4

இந்த இடத்தில் எனக்கு அபூ ஷாதி மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. முதல் பிரதியில் அவனைத் தைரியசாலியாக எழுதி ஜிராயருக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு, அவனா? போலீஸ் சைரன் கேட்டாலே கக்கூசுக்குள்ள போயி உட்கார்ந்துக்குவான்" என்றான் ஜிராயர்.

ஆகவே பயந்தவனாகவே எழுதுகிறேன். மகன் ஷாதி பட்டாளத்தில் இருந்தான். கர்னல் ஒரு போன் போட்டால் போதும்.

"பட்டி வச்சு அடை, நேரா போடு, மறந்துடு" என்றான் ஜிராயர்.

"டீச்சரம்மாகிட்ட வாயால சொல்லிட்டா?"

"சொல்லு. நேரா அந்தாள் வாசல்ல போய் நிப்பாங்க. யார் சொன்னதுன்னு கேப்பான். டீச்சரம்மா ரெண்டு நாள் அடி தாங்குவாங்க. அப்புறம்?"

அபூ ஷாதி மெதுவாக, "பழையபடி தலை தொங்க வச்சா?" என்றான். "யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே. கல்யாண ஊர்வலம் இந்தத் தெரு வழியாத்தான் போகுது. வலப்பக்கம் நடைபாதைப் பக்கம்."

"கர்னல் பார்ப்பான்."

"பார்ப்பான்."

"பார்த்துட்டு அந்தம்மா சும்மா இருப்பாங்களா? சுத்தி துப்பாக்கிக்காரனுங்க."

இங்கே அபூ ஷாதி சொல்வதாக ஒரு பதில் எழுதினேன், அது பொய்யாக இருந்ததால் அடி—

5

புதன்கிழமை மத்தியானம். ஓட்டைகளை ஜிராயர் வெல்டு வைத்து மூடி, மேலே பால் வெள்ளை ஏறி, காய்ந்து கார் பளபளவென்று நிற்கிறது. வலது மட்கார்டில் மாஸ்கிங் டேப். அதன் மேல் பென்சிலில் ரெண்டு வரிசைப் புள்ளிகள்: ஒன்று நேராக, இன்னொன்று தலை தொங்க. அபூ ஷாதி டிரில்லை எடுக்கிறான். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான். முனை டேப்பைத் தொட்டுவிட்டது.

முதல் தடவை ஜிராயர் சொன்ன முடிவு: நேராகப் போட்டான். மறுநாள் ஊர்வலத்தின்போது நாஹிதா நின்றார், பார்த்தார், நடந்தார். அதற்கப்புறம் அபூ ஷாதி அவர் வருகிற நேரத்துக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரெண்டாம் தடவை சொன்னது: தலை தொங்கப் போட்டான். நாஹிதா பார்த்தார், பரீட்சைத் தாள் இருந்த பையை மெல்லத் தரையில் வைத்தார். வைத்துவிட்டுத் தெருவில் இறங்—

"எதுப்பா நிஜம்?" என்று கேட்டேன்.

ஜிராயர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீ எதிர்த்த கடையிலதானே இருந்தே. நீ பார்க்கலியா?"

6

பார்க்கவில்லை. இத்தனை நேரம் சுற்றி வளைத்தது இதைச் சொல்லத்தான்.

கர்னலின் ஊர்வலம் வருகிறது என்றதும் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், அவர்கள் எதற்காக வந்தாலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். மேளம் வந்தது, ஹாரன் வந்தது. என் கடைக்கு நேரே வந்ததும் ரெண்டும் நின்றுபோயின. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுநாள் விடியற்காலையில் பெய்ரூட் பஸ் ஏறினேன், பிறகு அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. மூன்றாம் தடவை சொல்ல ஜிராயரும் இப்போது இல்லை.

ஷட்டரில் இடுப்பு உயரத்தில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. வெளிச்சம் அதன் வழியாக வந்து என் முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. குனிந்தால் போதும். நான் குனியவில்லை.

கடை இருட்டாகத்தான் இருக்கிறது, பார்த்து வாருங்கள். வெளியே இன்னும் சத்தமில்லை. ஓட்டை இதோ, இங்கே. நீங்கள் குனிந்து பாருங்கள்.